குக்கருக்குள் ஒரு கார்புரேட்டர்

மாமா,

இன்று காலை பாத்திரக் கடைக்குப் போய்க் குக்கருக்குக் கேஸ்கட் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி மேலே தொங்கிய ரப்பர் வளையங்களைக் குச்சியால் தள்ளிக்கொண்டே, "எத்தனை லிட்டரும்மா? வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு இல்ல அண்ணாச்சி. காருக்கு."

குச்சி அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தவர், அடையாளம் தெரிந்ததும் சிரித்துவிட்டார். "அந்த விசில் வண்டி வீடா நீங்க? பெரியவரு இருந்தப்ப அவருதான வருவாரு. வாங்குத கேஸ்கட்டை ஒவ்வொரு தடவையும் மோந்து பாத்துட்டுத்தான் பைக்குள்ள போடுவாரு."

வெளியே வந்து நானும் மோந்து பார்த்தேன். புது ரப்பரின் காட்டமான வாசனை. வெயிலில், கடைவாசலில், கையில் அந்த வளையத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் போன பிறகு எல்லாரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். தங்கமான மனுசன், அதிர்ந்து பேசமாட்டார், மருமகளை மகளாக நினைத்தார் என்றெல்லாம். எனக்குச் சிரிப்பு வருகிறது. நீங்கள் அதிர்ந்துதான் பேசுவீர்கள். கையால் தீப்பெட்டி செய்யும் உங்கள் ஆபீஸ் நடந்த காலத்தில் நீங்கள் உள்ளே சத்தம் போட்டால் தெருமுனை டீக்கடையில் கேட்கும் என்பார்கள். என்னை மகளாகவும் நினைக்கவில்லை. உங்கள் மகளை நீங்கள் எதிர்த்துப் பேச விட்டதே இல்லை. நான் பேசினேன். அதனால்தான் நமக்குள் ஏதோ ஒன்று உண்டானது.

பசுவந்தனைக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. கோயம்புத்தூரில் பம்ப் செட் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த பெண்கள் அப்போது எங்கள் பக்கத்தில் அபூர்வம். அப்பா அந்த வேலையைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னார். நீங்கள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "எங்க வீட்ல பொம்பளையாளுக வேலைக்குப் போற வழக்கம் கிடையாது" என்றீர்கள். அவ்வளவுதான். அப்பா தலையாட்டினார். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, மிக்ஸி ஓடாத நாட்களைத் தவிர.

எங்கள் பிள்ளைகள் வளர்ந்து வெளியூரில் படிக்கப் போனார்கள். ஆபீஸை மூடினீர்கள். மிஷின் தீப்பெட்டியோடு போட்டி போட முடியாது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். அடுத்து நெஞ்சுவலி, ஆபரேஷன், உப்பில்லாத சாப்பாடு. நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. அத்தை என்ன கேட்டாலும் "ம்" என்பீர்கள். உங்களுடையது என்று மிச்சமிருந்தது குடோனில் நின்ற அம்பாசடர் ஒன்றுதான். ஆபீஸ் நன்றாக நடந்த நாளில் வாங்கிய வண்டி. அதை மட்டும் யாரையும் தொடவிட மாட்டீர்கள்.

அந்த ஆடி மாதம் திருநெல்வேலிக்கு டாக்டரைப் பார்க்கப் போனோமே, அங்கேதான் எல்லாம் தொடங்கியது. உங்கள் மகன் தன் புது வண்டியில் எல்லாரும் போகலாம் என்றார். நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டு நேரே குடோனுக்குப் போய்விட்டீர்கள். "அவியளைத் தனியா விட முடியாது, நீ கூடப் போ" என்று அத்தை என்னை உங்களோடு ஏற்றிவிட்டு, மகன் வண்டியில் ஏறிக்கொண்டார்.

கயத்தாறு நெருங்கும்போது மேற்கே காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் வெறிபிடித்ததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று நேர் எதிரே. நம் வண்டி டாப் கியரில் திணறியது, மூன்றாவதுக்கு இறக்கினீர்கள். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தும் வேகம் ஏறவில்லை. லாரி முந்தியது. டவுன் பஸ் முந்தியது. ஆடு ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ முந்தியது. அந்த ஆடுகள் தலையை வெளியே நீட்டி, நாம் கண்ணுக்கு மறையும்வரை நம்மையே பார்த்துக்கொண்டு போயின.

உங்கள் மகன் முன்னால் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நமக்காகக் காத்திருந்தார். நீங்கள் போய் நிறுத்தியதும் ஜன்னலருகே வந்து குனிந்தார். "போதும்ப்பா. இந்த வண்டியும் முடிஞ்சிட்டு, நீங்களும்…" என்று சொல்லி நிறுத்தினார். சற்றுப் பிந்தி, "நீங்களும் ரெஸ்ட் எடுக்கணும்லா" என்று முடித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. பயந்துபோய்ச் சொன்னவர். ஆனால் அந்த இடைவெளியில் சொல்லாமல் விட்ட சொல் உங்களுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.

மறுநாள் காலை குடோனிலிருந்து குரல் வந்தது. வெகுநாள் கழித்து அந்தப் பழைய குரல். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தேன். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"தாயி, நீ படிச்சது மோட்டார் படிப்புதான?"

"மெக்கானிக்கல், மாமா."

"எதிர்காத்துல அவன் வண்டி மட்டும் எப்படிப் போவுது? அதுவும் சின்ன இஞ்சின்தான?"

"அதுல டர்போ இருக்கு மாமா. புகை வெளிய போற வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும். அது காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடுனா எரிக்க எண்ணெயும் கூட விடலாம். அப்ப பலம் கூடும்."

"அப்ப இதுக்கும் ஒண்ணு வையி" என்றீர்கள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்வதுபோல.

"இது கார்புரேட்டர் வண்டி மாமா. இதுல வைக்க முடியாதுன்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவா? நீ சொல்லுதியா?"

"நான் சொல்லலை" என்றேன்.

அந்தப் பதில் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன உடனே அது உண்மை என்று தெரிந்தது.

மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டுப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். விபத்தில் நொறுங்கிய ஒரு டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ கிடைத்தது. நத்தைக்கூடு போல இரண்டு கூடுகள் முதுகோடு முதுகு ஒட்டியதுபோல ஒரு சின்ன இரும்பு. அதைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். சாத்தூரில் ஏறிய ஒருத்தர் பையைக் கீழே வைக்கச் சொன்னதற்கு அவரோடு சண்டைக்குப் போனீர்கள்.

இஞ்சினைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை அந்த வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். ஓட்டத் தெரியும், திட்டத் தெரியும், அவ்வளவுதான். போல்ட்டை இறுக்கச் சொன்னால் உடையும்வரை இறுக்குவீர்கள். புகைக்குழாய் பொருத்தும் இடத்தில் ஒரு போல்ட்டை உள்ளுக்குள்ளேயே முறித்துவிட்டு, "நீ சரியாச் சொல்லலை" என்று என்மேல் போட்டீர்கள். அதை எடுக்க எட்டயபுரம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன செய்யுதீங்க ரெண்டு பேரும்?" என்றார். நான் விளக்கினேன். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் வேறு எங்கோ பார்த்தீர்கள். அன்றிலிருந்து டர்போவைப் பிடிக்கும் தகட்டைக் கடைந்தது, ஆயில் போய்வரக் குழாய் வைத்தது எல்லாம் அவர்தான், நான் போட்ட அளவின்படி.

அத்தைக்கு விஷயம் தெரிந்த அன்று வீடு அதிர்ந்தது. "தீப்பெட்டி ஆபீஸ் குடோன்ல பெட்ரோலைக் கொண்டுவந்து வச்சுக்கிட்டு விளையாடுதீயளா?" உங்கள் மகன் சத்தம் போடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு இதயம் பலவீனம். உனக்குத் தெரியாதா? வண்டியை ஏன் மாத்துனீங்கன்னு ஆர்.டி.ஓ. கேட்டா யாரு பதில் சொல்லுவா?" என்றார். பெர்மிஷனுக்கு எழுதிப் போடுகிறேன் என்றேன். "உனக்கு எதுக்கு இது?" என்றார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பைபாஸில் ஏறி மிதித்தீர்கள். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. "ஏ யப்பா!" என்று கத்தினீர்கள். அடுத்த நொடி மூச்சு முட்டி நின்றது. திரும்ப ஓட்டினால் திரும்பத் துள்ளியது, திரும்ப நின்றது. "இது என்னட்டீ, கிடாய்க்குட்டி மாதிரி குதிச்சுக் குதிச்சு நிக்குது?" என்றீர்கள். எனக்குப் பெட்ரோல் நெடி அடித்தது. இறங்கிப் பானட்டைத் திறந்தேன். கார்புரேட்டரின் இடுக்கெல்லாம் பெட்ரோல் கசிந்து நின்றது. ஒரு சாண் தூரத்தில் புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருந்தது.

வாழ்நாள் முழுவதும் தீக்குச்சிக்கு நடுவே இருந்தவர் நீங்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினோம். பருத்திக்காட்டுப் பக்கம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள்: "போதும் தாயி. நிப்பாட்டிருவோம்."

"நீங்க நிப்பாட்டிக்கோங்க மாமா. நான் நிப்பாட்ட மாட்டேன்."

"வண்டி யாருது?"

"வண்டி உங்களுது. வேலை என்னுது."

நீங்கள் கோபத்தில் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போனீர்கள். லேத் அண்ணாச்சி ஆளோடு வந்து கயிறு கட்டி இழுத்தார். இழுபட்ட வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

என்ன தப்பு என்று எனக்குப் புரிந்திருந்தது. கார்புரேட்டருக்கு இழுக்கத்தான் தெரியும். இஞ்சின் மூச்சை இழுக்கும், அந்த இழுப்பில் பெட்ரோல் ஏறிக் காற்றோடு கலக்கும். டர்போவோ தள்ளுகிறது. தள்ளும் காற்று கார்புரேட்டருக்கு உள்ளே நிறைந்து, வெளியே அவ்வளவு அழுத்தம் இல்லாததால், கிடைத்த சந்து வழியாகப் பெட்ரோலோடு பீறிடுகிறது. டேங்கிலிருந்து பம்பு ஏற்றும் பெட்ரோலையும் வரவிடாமல் அடைக்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படியானால் கார்புரேட்டர் முழுவதையும் காற்றுப் புகாத ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்குள் டர்போ ஊத வேண்டும். அப்படி ஒரு பெட்டிக்கு எங்கே போவேன்? மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நினைத்தபோது திறந்து உள்ளே கை வைக்கவும் வேண்டும்.

பருப்பு வெந்துகொண்டிருந்தபோது அதை யோசித்தேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்த நான் அடுப்பின்மேல் இருந்ததைப் பார்த்தேன். பிறகு பரணைப் பார்த்தேன். அத்தையின் பெரிய குக்கர், விசேஷ வீட்டுக்கு எடுப்பது, அங்கே இருந்தது.

கேட்டால் தரமாட்டார் என்று தெரியும். கேட்காமல் எடுத்தேன். லேத் அண்ணாச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யம்மா, சோறு ஆக்கவா, கார் ஓட்டவா?" என்றார். அடியில் வட்டமாக வெட்டி, பக்கத்தில் துளைகள் போட்டு, வயர் போகும் இடத்தில் ரப்பர் வைத்து அடைத்தோம். பெட்ரோல் பம்புக்கும் அதே காற்றில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாயில் கொண்டுபோய் முதுகில் கொடுத்தேன். டர்போ எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு கூடுதலாகப் பம்பும் தள்ளும். மூடியின் மேல் விசிலை அப்படியே விட்டேன். அதன் எடையை மட்டும் அண்ணாச்சியிடம் கொடுத்துக் கடைந்து குறைத்தேன். அழுத்தம் அளவு மீறினால் விசில் அடிக்கும், காலை எடுத்துவிட வேண்டும்.

நீங்கள் குடோன் பக்கமே வரவில்லை, பேசவும் இல்லை. ஆனால் அத்தை குக்கரைக் காணோம் என்று தேடித் தேடிக் கடைசியில் குடோனுக்கு வந்து, வண்டிக்குள் அதைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக் கத்தத் தொடங்கியபோது, பின்னாலேயே ஓடிவந்தீர்கள். குக்கரைப் பார்த்தீர்கள். மூடியைத் திறந்தீர்கள். உள்ளே இருந்த கார்புரேட்டரைப் பார்த்தீர்கள். அத்தையிடம் திரும்பி, "வேற குக்கர் வாங்கித் தாரேன், இப்ப சும்மா இருட்டீ" என்றீர்கள். அதற்கு அத்தை சொன்னதையும் நீங்கள் திருப்பிச் சொன்னதையும் நான் எழுத முடியாது. அந்தச் சண்டை ஒரு வாரம் நடந்தது.

அடுத்த ஓட்டத்தில் கயத்தாறு வந்தது, காத்தாடிகள் வந்தன, எதிர்க்காற்று வந்தது. நீங்கள் மிதித்தீர்கள். இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ஊளை எழுந்து ஏறிக்கொண்டே போனது. முதுகு சீட்டில் அழுந்தியது. டாப் கியரில், காற்றுக்கு எதிரே, வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. விசில் அடித்தது. "காலை எடுங்க மாமா!" என்று கத்தினேன். நீங்கள் எடுக்கவில்லை. இரண்டாவது விசிலுக்கும் எடுக்கவில்லை. உங்கள் முட்டியில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அப்புறம்தான் எடுத்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

எல்லாரும் சொல்லும் நல்ல மாமனார் கதை அங்கே முடிந்துவிடும். நான் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

மதுரையில் பழைய கார்க்காரர்கள் கூடும் ஒரு கண்காட்சிக்கு நம்மைக் கூப்பிட்டார்கள். போனதும் நம் வண்டியை வரிசைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னார்கள். ஒரிஜினலைக் கெடுத்த வண்டி என்றார்கள். ஆனாலும் கூட்டம் மரத்தடியில்தான் கூடியது. தொப்பி வைத்த ஒருவர் குக்கரைத் தட்டிப் பார்த்து, "யாரு சார் பண்ணுனது இது? எந்த மெக்கானிக்?" என்று கேட்டார்.

நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டு, "மெக்கானிக் என்ன மெக்கானிக்? நான்தான். என் சொந்த யோசனை" என்றீர்கள்.

நான் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். பசுவந்தனையில் அடுப்படி வாசலில் நின்றவளும் நான்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"இல்ல மாமா. நான் செஞ்சேன்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பினார்கள். யாரோ சிரித்தார்கள். தொப்பிக்காரர் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னைச் சோதிப்பதுபோல, "பம்ப்பை என்ன செஞ்சீங்க? பழைய பம்ப்பு தாங்காதே?" என்றார். நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். எதை எங்கே துளைத்தேன், ஏன் துளைத்தேன், இஞ்சினுக்குள் தீப்பொறி சற்றுப் பிந்தி விழ எதைத் திருப்பினேன், எது தோற்றது, எது ஓடியது, எல்லாம் சொன்னேன். நான் பேசப் பேசக் கூட்டம் நெருங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் அங்கே இல்லை. தூரத்தில் கரும்புச்சாறு வண்டி பக்கம் முதுகைக் காட்டி நின்றீர்கள்.

பயந்தேனா என்று கேட்டால், இல்லை. வருத்தம் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

கூட்டம் கலைந்ததும் வந்தீர்கள். முகத்தைப் பார்க்காமல் சாவியை என் கையில் வைத்தீர்கள். சுற்றிக்கொண்டு போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தீர்கள். அந்த வண்டியில் அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள்தான் நான். கார் லைசென்ஸும் கல்யாணத்துக்கு முந்தியே எடுத்தது. ஆனாலும் கயிற்றில் இழுபட்ட அந்த நாளைத் தவிர, குடோன் வாசலைத் தாண்டி அந்த ஸ்டியரிங் எனக்குக் கிடைத்ததில்லை.

விருதுநகர் தாண்டினோம். சாத்தூர்ப் பக்கம் காற்று எதிரே திரண்டது. முன்னால் கரி மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியைப் பார்த்து, வலது பக்கம் ஒதுங்கி, மிதித்தேன். ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று. விசில் ஒரு தடவைகூட அடிக்கவில்லை, அது அடிக்கும் அளவுக்கு ஒரு மயிரிழை கீழேயே பிடித்துக்கொண்டு போனேன். அதை நீங்கள் கவனித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசி லாரியைத் தாண்டிய பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டீர்கள்: "அந்தக் கோயமுத்தூர்க் கம்பெனி இன்னும் இருக்கா, தாயி?"

"தெரியாது மாமா" என்றேன்.

அந்த ஒரு கேள்வி போதுமா என்று சில நாள் யோசிக்கிறேன். போதாது என்றே தோன்றுகிறது. ஆனால் நீங்கள் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த அன்று, பந்தல் பிரிக்கும் முன்பே, சென்னையிலிருந்து வந்த உங்கள் மகள், என் மதினி, எல்லார் முன்னாலும் சொன்னார்: "அந்த வண்டிதான் எங்கப்பாவைக் கொண்டுபோயிட்டு. இருதயம் சரியில்லாத மனுசனை உக்கார வச்சு ரேஸ் விட்டிருக்கா." சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டு, "வண்டியைப் பழையபடி மாத்தி வித்துருவோம். கேக்க ஆள் இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. "நான் கழட்ட மாட்டேன்" என்றேன். "மதினி, மாமாவை நான் கொல்லலை. ஓட்டணும்னு அவிய ஆசைப்பட்டாவ, ஓட்டுனாவ. அதுக்கு நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கப் போறதில்லை."

மதினி வாயெடுக்கும் முன் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. சுவரோரம் பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஏட்டி, உங்கப்பா ஆபரேசனுக்கு அப்புறம் என்கூடச் சண்டைகூடப் போடலை தெரியுமா? 'ம்'முன்னு ஒத்தைச் சொல்லு. இவ என் குக்கரை எடுத்த அன்னைக்குத்தான் அவிய திரும்ப வாயைத் தொறந்தாவ. சாவுற வரைக்கும் மூடலை. வண்டி எங்கயும் போகாது. போயி இலையை எடுங்க."

சில வாரம் கழித்து உங்கள் மகன் குடோனுக்கு வந்தார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார். இத்தனை காலத்தில் முதல் தடவை. சொன்னேன். முழுவதும் புரிந்ததா தெரியாது. ஆனால் கடைசிவரை நின்று கேட்டார். விற்பதைப் பற்றிப் பிறகு பேச்சில்லை.

லேத் பட்டறையில் ஒரு மூலை இப்போது எனக்கு. பழைய வண்டிகளும் கிணற்று மோட்டார்களும் வருகின்றன. நாகலாபுரத்திலிருந்துகூட ஆள் வருகிறது. சிலர் என்னைப் பார்த்ததும் மெக்கானிக் எங்கே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஸ்பேனரை எடுத்தால் தெரிந்துவிடுகிறது. போன வாரம் அத்தையைக் கடம்பூரில் அவர் அண்ணன் வீட்டுக்கு வண்டியில் கூட்டிப் போனேன். முன்சீட்டில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில், "இம்புட்டுத்தானா இது போவும்?" என்றார். திரும்பும்போது மடியில் போளிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டேன். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுகிறேன். பிரேக்கைப் பற்றி நான் எப்போது பேச்செடுத்தாலும், "போறதுக்கு வழி சொல்லுன்னா நிக்கதுக்கு வழி சொல்லுத" என்று காதைப் பொத்திக்கொள்வீர்கள். அந்த வேகத்துக்கு அந்தப் பழைய பிரேக் போதாது, மாமா. அன்றும் போதாது. உங்களிடம் அதைச் சொல்லி ஜெயிக்க முடியாமலே போயிற்று. இன்றைக்கும் ஜாக்கியில் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்ததும் உங்கள் குரல் கேட்கிறது, எதிர்த்துக்கொண்டு, எரிச்சலோடு. நான் சும்மா இருப்பதில்லை. லேத் அண்ணாச்சி பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் வாய்விட்டே பதில் சொல்கிறேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சண்டையைத்தான். அதை முடிக்கப் போவதில்லை.

இப்போது வலதுபக்கச் சக்கரம் கழற்றிக் கிடக்கிறது. போய் மாட்ட வேண்டும்.

உங்கள் மருமகள்